வராமல் போன இரண்டு வருடம்

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கோகிலவாணிக்கு அரசிடமிருந்து செய்தி வந்தது. பத்தாவது ரிசல்ட் வந்த மறுவாரமே திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்க உட்கார்ந்தவள் அவள். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்புக்கு இந்த வருடம் நம் நாட்டைவிட வியட்நாம் அதிகம் செலவிட்டிருந்தது. இரு நாடுகளும் போட்டுக்கொண்ட கல்வி ஒப்பந்தப்படி, குறைவாகச் செலவிட்ட அரசு, பத்தாவதோடு நின்றவர்களுக்கு வேலைச் சம்பளத்தையும் கொடுத்துப் படிக்கவைக்க வேண்டும். முதல் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு, பிளஸ் டூ படிக்கும் மகள் யாழினியைப் போனில் கூப்பிட்டாள்.

"கண்ணு, நானும் உன்ற ஸ்கூலுக்கு வாரேன்!"

"ஐயோ அம்மா! அப்ப நீ எனக்கு ஜூனியரு!"

மறுநாள் காலையில் இருவரும் போனபோது பள்ளி வாசல்வரை வரிசை நின்றது. கோகிலவாணியின் முறை வந்ததும் எழுத்தர் தலைநிமிராமல் கேட்டார்.

"எந்த குரூப்புங்க?"

முப்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் அதைக் கேட்கிறார். அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். யாழினி முழங்கையால் இடித்தாள்.

"பயாலஜிங்க!" வரிசையின் கடைசிவரை கேட்டது கோகிலவாணியின் குரல். "நான் டாக்டருக்குப் படிக்கோணுங்க."