பதினான்கு மணி நேரம்

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடுவோம் என்று விமானி அறிவித்தபோது, பயணிகள் இருக்கையில் அவர், கால் வீங்காமலிருக்க வாங்கிய இறுக்கமான காலுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு காலில் ஏறிவிட்டது. மறுகாலில் பாதிதான்.

மகன் வேலை பார்க்கும் ஊருக்கு விமானத்தில் பதினான்கு மணி நேரம் என்றுதான் அவருக்குத் தெரியும். நான்கு வருடமாக மகன் போனில் அதைத்தான் சொல்லி வந்தான். உங்க இடுப்பு தாங்காதுப்பா, நானே வர்றேன் என்பான்.

இப்போது பேத்தி பிறந்துவிட்டாள். இடுப்பாவது ஒன்றாவது என்று கிளம்பிவிட்டார். கழுத்துக்குத் தலையணை, மாற்றுச் சட்டை, இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் எடுத்துக்கொண்டார். டிக்கெட்டும் மற்றக் காகிதங்களும் மட்டும் மனைவியின் பொறுப்பு.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, விமானி தப்பாகப் படித்துவிட்டார், போய்ச் சொல்லும்மா என்றார்.

அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள். தூரமே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தானாம். பதினான்கு மணி நேரம் பறந்தால் ஊரைத் தாண்டி நடுக்கடலுக்குப் போய்விடுவோமாம்.

பக்கத்தில் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது.

கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால், கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால் அவரை 'ரசமட்டம்' என்பார்கள். மகள் வீட்டுக்கு இரண்டு நாள் தங்கப் போனவர், குளியலறைத் தரையில் வாட்டம் சரியில்லை என்று ஆள் வைத்துப் பெயர்த்துப் போட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை ஒரு மாதம் பக்கத்து வீட்டில் குளித்தார்.

அந்தக் கலவரம் அடங்குவதற்குள்தான் மகனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தது.

பெற்ற அப்பனிடமே அளவில் கைவைப்பதா? இறங்கியதும் கேட்க வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. திரும்பச் சொன்னபோது ஏனோ பாதியில் விட்டுவிட்டார்.

இவ்வளவு பக்கத்திலா இருந்தான்.

மனைவியின் கையைத் தொட்டார்.

"உன் பிள்ளை நம்மள ஏமாத்திட்டான். ரெண்டு பேரையும்."

அவள் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினாள்.

மகன் மருத்துவமனையிலிருந்து குழந்தையையும் மருமகளையும் வீட்டுக்கு அழைத்து வரப் போயிருந்தான். அதனால் இவர்கள் இருவரும் தனியாகத்தான் வெளியே வந்தார்கள். மனைவி எந்த அறிவிப்புப் பலகையையும் பார்க்கவில்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை. பின்னால் வருகிறாரா என்று மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வாடகைக் கார் வரிசையில் நின்ற தமிழ் ஓட்டுநர் ஒருவர் ஓடி வந்து அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"வாங்கம்மா. அதே வீடுதானே? கொழந்தை பொறந்தாச்சா?"

தன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதத்துக்கொரு முறை அவள் கிளம்பிப் போனதெல்லாம் அவருக்கு வரிசையாக நினைவு வந்தது. தங்கைக்குப் பழம்கூட வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி காரில் ஏறி, அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க தம்பி," என்றாள் ஓட்டுநரிடம். "இவர் இந்த ஊருக்குப் புதுசு."