மூணாவது ஊசி

"மேல் வீட்டுல யானை ஏதாச்சும் வளக்கறீங்களாம்மா?"

படிக்கட்டில் எதிரே வந்த ரேடியோ மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளுக்குத்தான் பகீரென்றது.

"ஏன், என்னாச்சு?"

"கீழ் வீட்டுப் பெரியவரோட ரெக்கார்டு பிளேயரைத்தான் சொல்றேன். அந்தக் காலத்து அசல் சரக்கு, வித்தா ஒரு கார் வாங்கலாம். மேல யாராச்சும் 'டக்'குன்னு காலை வெச்சாப் போதும், ஊசி துள்ளிக் குதிக்குது. ரெண்டு மாசத்துல இது மூணாவது ஊசி! எப்பெப்ப குதிச்சதுன்னு நோட்டுல தேதி, நேரம் போட்டு வேற எழுதி வெச்சிருக்காரு."

"நோட்டுலயா?"

"ஆமாங்கறேன். போன தடவை பெல்ட் மாத்தினப்பவே, எதிர்ச் சுவர் ஓரமா ஆடாம அசையாம வெச்சுட்டுப் போனேன். இப்ப வந்து பாத்தா, உங்க மாடியைத் தாங்குற மரத்தூணோட ஒட்டி வெச்சிருக்காரு! ஆட்டம் தாங்கற ரப்பர் கால் வாங்கிட்டு வந்தேன், அதையும் மாட்ட விடல. பெரிய மனுஷங்க கிறுக்கு, நமக்கென்ன வந்துச்சு?"

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நோட்டு. தேதி. நேரம். வேறெதுக்கு? வீட்டு ஓனரிடம் நீட்டத்தான்!

இதற்கு முன்னால் ரெண்டு வீடு இப்படித்தான் போனது. ஆறு வயசு மகள் சிட்டுவின் காலில் இரும்புப் பட்டை வைத்த ஷூ. மூணு ஆபரேஷன் ஆகிவிட்டது. யாரும் பிடிக்காமல் ஒரே மூச்சில் இருபது அடி எடுத்து வைத்துவிட்டால் நாலாவது வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற திங்கட்கிழமை காட்ட வேண்டும். பிள்ளை இதுவரை பதினோரு அடியைத் தாண்டியதில்லை. எப்படித் தாண்டும்? மரத்தளத்தில் அது 'டக்'கென்று காலை வைத்ததும், "மெதுவாடி, மெதுவா!" என்று இவளே பிடித்து உட்கார வைத்துவிடுவாள்.

குடிவந்த முதல் வாரமே கீழ் வீட்டுப் பெரியவர் படிக்கட்டில் வழிமறித்து, "பாப்பா நடக்கறாளா?" என்றார். குரலே அதட்டுகிற மாதிரி இருந்தது.

"என் குழந்தையைப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த மனுஷர் வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இப்போதல்லவா தெரிகிறது!

மேலே போய், சவரம் செய்துகொண்டிருந்த கணவனிடம், "நான் வர்ற வரைக்கும் சிட்டுவைக் கட்டிலை விட்டு இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் கீழே இறங்கினாள்.

கதவு திறந்தே கிடந்தது. தூணை ஒட்டிய மேஜையில் கனத்த தட்டு சுற்ற, வயலின் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிரிக்காத பெட்டியில் ரப்பர் கால்கள். பெரியவர் மடியில் நோட்டோடு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கினாள்.

'செவ்வாய், 10.10, ஏழு. புதன், 10.25, ஒன்பது. வியாழன், ஒண்ணுமே இல்லை. ஏன்?'

பக்கம் பக்கமாக!



"பச்சப் புள்ள எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியையும் எழுதி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? ஒருநாள் சத்தம் வரலேன்னா அதுக்கும் ஏன்னு கேள்வியா?"

"இரும்மா, நான் சொல்றதை..."

"என்ன சொல்லப் போறீங்க? ஓனர்கிட்ட காட்டி எங்களைத் துரத்தணும், அதானே? அதுக்குத்தானே தூணோட ஒட்டி வெச்சு சாட்சி சேக்கறீங்க? நல்லா இருங்க சார், ரொம்ப நல்லா இருங்க!"

"ஷ்ஷ்!"

பெரியவர் கையை உயர்த்தினார்.

டக்.

வயலின் விக்கியது. ஊசி ஒரு துள்ளு துள்ளியது.

டக். டக்.

"ஐயோ சிட்டு!" என்று வாசலுக்குத் திரும்பினாள்.

"நாலு... அஞ்சு... ஆறு..." பெரியவர் ஊசியையே பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். ரெக்கார்டில் கீறல் விழுந்துகொண்டே போனது. அதை அவர் சட்டை செய்யவே இல்லை.

"பத்து... பதினொண்ணு..."

அவள் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"பன்னெண்டு!"

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு... பத்தொம்பது..." பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இருபது! இருபத்தொண்ணு!"

மேலேயிருந்து கணவன் கத்தினான்: "ஏய், ஓடி வாயேன்! யாரும் பிடிக்கல, தானாவே ஜன்னல் வரைக்கும் நடந்து வந்துட்டா!"

கீறிப்போன ரெக்கார்டைப் பார்த்தாள். பிரிக்காத பெட்டியைப் பார்த்தாள்.

"சார்... அந்த ரப்பர் காலை மாட்டியிருந்தா ஊசி குதிச்சிருக்காதுல்ல?"

"குதிச்சிருக்காது."

"அப்புறம் ஏன் சார் மாட்டல?"

அவர் நோட்டை வாங்கி, 'இருபத்தொண்ணு' என்று எழுதி, அடியில் ரெண்டு கோடு இழுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அதாம்மா, ஊசியைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."