பிரேக் பாருங்க

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தபோது முதல் பொய் வெளியே வந்தது.

முன்பக்க சேஸிஸ் இடது ஓரத்தில் நெளிந்து, நிமிர்த்தப்பட்டு, மேலே கறுப்புப் பெயின்ட் வாங்கியிருந்தது. அடித்தவனுக்கு என்ன அவசரமோ, ஒட்டிக்கிடந்த சேற்றுக்கும் சேர்த்து அடித்துவிட்டிருந்தான்.

"இடி வாங்கின வண்டிம்மா," என்றேன் வெளியே நகர்ந்து வந்து.

ஒரு கீறல்கூட இல்லை என்று காலையில் அடித்துச் சொன்ன யார்டுக்காரர் இப்போது வானத்தைப் பார்த்தார்.

வண்டி வாங்க வந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் மாறவில்லை. "சரிங்கண்ணா. பிரேக் பாருங்க."

பழைய பிக்கப் வாங்குகிறவர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. மலையிலும் குவாரியிலும் ஓடிய ஃபோர் வீல் வண்டி என்றால் என்னைத் தேடி வருவார்கள். இந்த வண்டிகளை முகம் கழுவிப் பவுடர் போட்டு நிறுத்தியிருப்பார்கள். பட்ட பாடெல்லாம் அடியில் இருக்கும்.

பின் ஆக்ஸில் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் புகுந்திருந்தால் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அங்கே சேற்றுக்கறை காட்டிக்கொடுத்துவிடும். கறை இல்லை. ஃபோர் வீல் லீவர் முனகாமல் விழுந்தது. பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்றில் மட்டும் விரிசல்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாங்க வருகிறவர்கள் இந்த இடத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எத்தனை டன் தாங்கும். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். முடித்ததும் மறுபடி, "பிரேக்?"

அவளோடு வந்த அவள் மாமனார் யார்டு வாசலில் நின்ற வாடகைக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். வந்து பாருங்களேன் ஐயா என்று கூப்பிட்டதற்குக் கையை மட்டும் அசைத்தார்.

நாலு சக்கரத்தையும் கழற்றினேன். டிஸ்க்கில் பள்ளம் இல்லை. பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஓஸ் எல்லாவற்றிலும் ஒரே வருஷம் அச்சாகியிருந்தது, வண்டி பிறந்த வருஷம். குழாய் நட்டுகளில் தொழிற்சாலையில் போட்ட மஞ்சள் கோடு துளி விலகாமல் இருந்தது. ஸ்பேனர் பட்டால் அந்தக் கோடு உடைந்துவிடும்.

சக்கரங்களை மாட்டி, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார்டை ஒட்டிய இறக்கத்தில் வண்டியை விட்டேன். வேகம் ஏறியதும் ஓங்கி மிதித்தேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல் கல்லில் கட்டியது போல நின்றது.

அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"நம்பி எடுக்கலாம்மா. இடிச்சதுக்கு அப்புறம் பிரேக்ல யாரும் கையே வைக்கல. முன்னாடி எப்படி இருந்துச்சோ அதே பிரேக்தான்," என்றேன். இவ்வளவு அலசிப் பார்த்து நல்ல சேதி சொல்வதில் எனக்கே ஒரு சந்தோஷம்.

"அப்போ அன்னைக்கும் பிடிச்சிருக்கும்," என்றாள்.

"என்னைக்கும்மா?"

எதிரே கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். இதே சீட்டில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில், எட்டு மாதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அவள் கணவன். குவாரிக்கு ஓட்டியவன். தினமும் இறங்கும் பாதை, தினமும் திரும்பும் வளைவு. அன்று திரும்பவில்லை. பிரேக் போயிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வண்டி எந்த யார்டில் நிற்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

ஸ்டியரிங்கில் இருந்த என் கையை எடுத்துக்கொண்டேன்.

"அன்னைக்குக் காலையில மாமா அவரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டார். இருந்து என்ன பிரயோஜனம்னு கேட்டுட்டார். பிரேக்தான் காரணம்னு நினைச்சுக்கிட்டுத்தான் இப்ப ரெண்டு வாய் சாப்பிடறார்."

பொய் சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. "மாமா உங்ககிட்ட கேட்பார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் வண்டியை யார்டுக்குத் திருப்பி நிறுத்தியதும் சாவியைக் கொடுக்க யார்டுக்காரரின் அறைப் பக்கம் நடந்தாள்.

நான் வாசலுக்கு வந்தபோது பெரியவர் காரைவிட்டு இறங்கி நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தவறி மாட்டியிருந்தது.

"பிரேக் எப்படி தம்பி?"

வண்டி வாங்க வந்த யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. சொன்னேன். "சுத்தமா போயிருக்குங்க ஐயா. ரொம்ப நாளாவே இல்ல. யார் ஓட்டியிருந்தாலும் நின்னிருக்காது."

அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு எண்ணெய் படிந்த என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இறக்கத்துல நின்னுச்சே தம்பி. இங்க இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நான் அந்த இறக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"பரவாயில்ல. அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் இதையே சொல்லிடுங்க. அவ தாங்கமாட்டா."

அவள் வந்துகொண்டிருந்தாள். அவர் என் கையை விட்டுவிட்டுக் கார் கதவைத் திறந்து பிடித்தார்.

"பிரேக்தான்மா," என்றார். "இவர் நல்லாப் பார்த்துட்டுச் சொல்றார்."

"ஆமா மாமா," என்று அவள் ஏறிக்கொண்டாள்.