மோதிரக் கீறல்

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும் பாய். கீறல் உள்பட. என் வீட்டுக்காரருக்குத் துளிகூடச் சந்தேகம் வரக் கூடாது."

மேடவாக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய மிருதுளா, பெட்ஷீட் மூட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிடார், கழுத்திலிருந்து பாதி உடம்பு வரை பிளந்து கிடந்தது.

ஃபயாஸ் சிட்லபாக்கத்தில் தன் வீட்டுக் கார் ஷெட்டையே பட்டறையாக்கி, ஆர்டரின் பேரில் கிடார் செய்து தருபவன். அதில் ஒயர் வேலை முழுக்க அவன் மனைவி ஜஹீராவுடையது. அவள் கை வேலையில் இருந்தாலும் காது இங்கேதான் இருந்தது.

"எப்படி மேடம் உடைஞ்சது?"

"ஒட்டடை அடிக்கிறப்போ கம்பு பட்டு விழுந்துடுச்சு. ஹர்ஷா ஜெர்மனியில இருக்கார், ரெண்டு மாசத்துல வந்துடுவார். என் முதல் சம்பளத்துல நான் வாங்கிக் குடுத்த கிடார் பாய். சில வருஷமா என்னை அதைத் தொடவே விடறதில்ல. தூசிகூட அவர்தான் துடைப்பார்."

மிருதுளா ஒவ்வொரு கீறலாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது கேட்ல இடிச்சது. இந்தப் பொட்டு, ஆயுத பூஜை ஊதுவத்தி சுட்டது. இது எங்க நிச்சயதார்த்தத்தன்னிக்கு அவர் மோதிரம் கிழிச்சது. இது மட்டும் மாறவே கூடாது."

ஃபயாஸ் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

"ஞாபகம் இருக்கும் மேடம்" என்றான் கூரையைப் பார்த்தபடி.

ஜஹீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனை ஏமாற்ற ஒருத்தி வருகிறாள், இவரும் சரி சரி என்று தலையாட்டுகிறார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கட்டினவர்கிட்ட எதுக்கு மறைக்கணும்? பக்கத்து வீட்டு கீதாவுக்கு ஒரு தட்டுல பிரியாணி குடுத்தனுப்பிச்சேன். அம்மா வீட்டு சீர்த் தட்டு, திரும்பி வரவே இல்ல. கேட்டா குடுத்துட்டேன்னு சாதிக்கிறா. இன்னிவரைக்கும் என் மூஞ்சியைப் பாத்துப் பேச முடியல அவளால. பொய்யின்னா அப்படித்தான்."

ஃபயாஸுக்கு ஏனோ புரை ஏறியது.

 மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ சொல்றதும் சரிதாம்மா. இப்பவே சொல்லிடறேன்" என்று போனோடு கேட் பக்கம் போனாள்.

"வந்த ஆர்டரை விரட்டிட்டியே" என்றான் ஃபயாஸ்.

"போகட்டும். ஒட்டறதா இருந்தாலும் ஒயரைக் கழட்டணும்ல?" ஜஹீரா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"அதை நான் பாத்துக்கறேன். நீ போய் டீ போடு."

ஒயரைத் தொடாதே என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஜஹீரா டீ போடப் போகவில்லை. கிடாரைக் கவிழ்த்து, பின்பக்க மூடியைக் கழற்றினாள்.

அடியில் ஒரு எவர்சில்வர் தகடு. அதில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில், 'ஜஹீரா'.

ஃபயாஸ் அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கீழே வைத்தான்.

"இரைச்சல் வராம இருக்க உள்ள ஒரு தகடு வைக்கணும். அப்ப லாக்டவுன். கடை எதுவும் திறக்கல. கீதா திருப்பிக் குடுத்த தட்டுதான் கைக்குக் கிடைச்சுது. நீ பிரசவத்துக்கு அம்மா வீட்டுல இருந்த."

"இது உங்க வேலையா? அப்ப அந்தக்கா வாங்கின கிடார்?"

"ஹர்ஷா சார் மாடிப்படியில போட்டு உடைச்சிட்டார். இதே இடத்துல நின்னு அழுதார். 'இதே மாதிரி இன்னொண்ணு வேணும் பாய், கீறல் உள்பட. தெரிஞ்சா அவ மனசு உடைஞ்சிடும்'னார்."

"அந்த மோதிரக் கீறல்?"

"ஒண்ணரை இஞ்ச் ஆணி."

ஜஹீராவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கீதாவின் முகம் ஞாபகம் வர, சிரிப்பு பாதியிலேயே நின்றது. தகட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, போனை வெச்சிடுங்க."

"ரிங் போயிட்டிருக்கும்மா. நீதானே உண்மையைச் சொல்லச் சொன்ன?"

"சொன்னேன்தான். அண்ணன் பாவம்கா, தாங்க மாட்டார். இவர் அச்சு அசலா செஞ்சு குடுத்துடுவார்."

மிருதுளா அழைப்பைத் துண்டித்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அந்த மோதிரக் கீறல் சரியா வருமாம்மா?"

"கவலையே படாதீங்கக்கா. அந்தக் கீறலை இவரை விட்டா வேற யாராலயும் போட முடியாது."