வீட்டுச் சான்று

குழாயைத் திறந்துவிட்டுத்தானே அழுதேன், இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

சுகந்தி கல்லூரியின் கடிதத்தை மறுபடி படித்தாள். எம்.பி.ஏ.வுக்கு இரண்டு வருடம் விண்ணப்பித்து, இரண்டு முறையும் காத்திருப்போர் பட்டியலோடு நின்றவள். இந்த முறை இடம் கிடைத்துவிட்டது. 'சென்ற ஆண்டு குளியலறையில் பதினோரு நிமிடம் அழுதுவிட்டு, அன்றே அடுத்த விண்ணப்பத்தைத் தொடங்கிய உங்கள் உறுதி எங்களைக் கவர்ந்தது.'

"ஏங்க, நான் அழுதத யார் சொன்னது?"

கணவன் குமரவேல் தட்டிலிருந்து நிமிரவில்லை. "பொண்ணு பாக்குறப்போ அக்கம்பக்கத்துல விசாரிக்கிறதில்லையா? அது மாதிரி காலேஜ்லயும் வீட்ல ஒருத்தர்கிட்ட சான்று கேக்குறாங்க. வீட்ல கேக்குற சத்தத்தையெல்லாம் பதிவு பண்ற பெட்டி சுவத்துல இருக்கில்ல, அது பதிவு பண்ணத அனுப்பினேன்."

"நான் அழுதத நீங்க கேட்டீங்களா?"

"அன்னிக்கே. ஹால்ல உக்காந்து போன்ல."

"கதவத் தட்டியிருக்கலாமே?"

"தட்டினா நீ அடக்கிக்குவ. பதிவு நல்லா வந்திருக்காது. உனக்காகத்தான சுகந்தி."

அவன் குரலில் பொய் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"படிப்பு முடியற வரைக்கும் பதிவு தொடரணுமாம். சம்மதம் குடுத்தாத்தான் சீட்டு. இன்னிக்குக் கடைசி நாள், விரல வை."

அவன் போன் திரையை அவள் பக்கம் நகர்த்தினான். சுகந்தி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள்.