கறி தொடாத மாப்பிள்ளை

“குச்சியோடவா சாப்புடணும்? இன்னா கூத்துய்யா இது!” என்று சிரித்தார் சவரிமுத்து.

“பினாங்குல இப்டித்தாங்க. கோழிக்கறிய குச்சில கோத்து சுட்டு, வேர்க்கடலைக் கொழம்புல தோச்சி சாப்புடுவாங்க,” என்றார் மலேயாவிலிருந்து திரும்பிவந்து செஞ்சியில் ஓட்டல் திறந்திருந்தவர்.

கிறிஸ்மஸ் பூசை முடிந்த கையோடு, சவரிமுத்து தம் மகள் பிலோமினாவையும், அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் தேவசகாயத்தையும் இங்கே அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளையாகத் தேறுவானா என்று பார்க்கத்தான். தேவசகாயத்துக்குப் புதுச் சட்டைக்குள் வியர்த்துக் கொட்டியது.

“சாப்புடுங்க தம்பி.”

வெள்ளிக்கிழமையில் கறியைத் தொட்டுவிடாதே, நைனா அதைத்தான் கவனிப்பார் என்று பிலோமினா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்போது எதிரே உட்கார்ந்திருந்தவள், மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். நல்லவேளை, ஞாபகப்படுத்துகிறாள்! அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“வேணாங்கய்யா. இன்னிக்கி வெள்ளிக்கிழம, சுத்தபோசனம். கறி தொடமாட்டேன்.”

பிலோமினா கண்களை இறுக மூடிக்கொண்டாள். சவரிமுத்து ஒரு துண்டுக் கறியைக் குச்சியிலிருந்து உருவி வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

“கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமைல வந்தா, அன்னிக்கி கறி சாப்புடலாம். வேதக்கார வூட்ல பொறந்த சின்னப் புள்ளைக்குக்கூட அது தெரியும்,” என்றார் குரலை உயர்த்தாமல். “இத்தினி நாளா தேவசகாயம்னு கூப்ட்டுனு இருந்தேன். உன் நெஜப் பேரு இன்னா தம்பி? சொல்லு.”