காடைக்கு விட்ட நாலு ஏக்கர்

“ஏனுங்கக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?”

ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள் சுபஸ்ரீ.

முற்றித் தலை சாய்ந்த சாமைப் பயிருக்கு நடுவே நின்று, தகர டின்னைக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள் ராக்கம்மாள். ஒவ்வொரு அடிக்கும் காலடியிலிருந்து ஒன்றிரண்டு காடைகள் விர்ரென்று எழும்பி, வேலி தாண்டிப் பறந்தன.

“நிறுத்துங்கக்கா!”

சத்தம் நின்றது. ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இன்னைக்கு நீ வருவேன்னு தெரியாது தாயி.”

சுபஸ்ரீ, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். குண்டடம் பக்கம் கம்பெனி முதலாளி தனபாலுக்குச் சும்மா கிடந்த நாலு ஏக்கரில் சாமையும் தினையும் விதைத்து, மருந்தடிக்காமல், அறுக்காமல் காடைகளுக்கே விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னது அவள்தான். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இந்த நிலத்தின் படத்தை டி-ஷர்ட்டில் தொங்கும் அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த ராக்கம்மாளைக் காவலுக்கு வைத்ததும் சுபஸ்ரீதான்.

மாதாமாதம் வந்து எண்ணிப் படமெடுப்பதும் அவளே. முதல் மாதம் அறுபது காடைகள். அப்புறம் நாற்பது. போன மாதம் பதினொன்று. ‘பறவைகள் எங்கே?’ என்று பையர் மெயில் போட்டுவிட்டார்.

எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது.

“எத்தனை நாளா இந்த வேலை நடக்குதுங்க?”

“ரெண்டு சனிக்கிழமையாத்தான் தாயி.”

“காடைக்குன்னுதானுங்க இதைய வெதச்சிருக்குது!”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

ராக்கம்மாள் ரோட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

“நீ கெளம்பு தாயி. நான் தினைக்குள்ளயும் ஒரு சுத்து சுத்தணும்.”

மறுபடியும் குச்சியை ஓங்கினாள்.

சுபஸ்ரீ அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டாள்.

“சார், ராக்கம்மாக்கா டின் அடிச்சுக் காடைய எல்லாம் தொரத்திட்டு இருக்குதுங்க. என் கண்ணால பாத்தனுங்க!”

“அட!” என்றார் தனபால். கண்டுபிடிக்க முடியாமல் தவித்த ஒன்று அகப்பட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். “அதுதான் ரெண்டு வாரமா வலையில ஒண்ணும் விழுகாம போச்சுங்களா?”

“வலைங்களா?”

“ஞாயித்துக்கிழமையானா நம்ம ஃபிரெண்ட்ஸ் நாலு பேரு வருவாங்க கண்ணு. விடியக்காலம் வலையக் கட்டிப்போட்டு, காடை கத்தற சத்தத்தை ஸ்பீக்கர்ல வெச்சா தானா வந்து விழுகும். காட்டுக் காடை ருசி பண்ணைக் காடைக்கு வருமுங்களா? மொதல்ல எல்லாம் சாக்கு நெறையக் கெடைச்சுதுங்க.”

சுபஸ்ரீ, காடைகள் பறந்துபோன வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லோணும். மாசாமாசம் லொகேஷனோட போட்டோ அனுப்பறீங்கல்ல, அதைய வெச்சுத்தான் எந்த வரப்புல வலை கட்டறதுன்னே முடிவு பண்றது. நாளைக்கும் வர்றாங்க. அந்தம்மாவ இன்னைக்கே மூட்டை கட்டச் சொல்லிருங்க. அப்பறம், இந்த மாசத்துப் போட்டோவ மறந்துறாதீங்க கண்ணு.”

போன் கட்டானது.

காதிலிருந்து அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அறுபது, நாற்பது, பதினொன்று. காடைகள் குறையக் குறைய, இன்னும் கிட்டப் போய், இன்னும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ராக்கம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னைப் போகச் சொல்லிட்டாரா?”

சுபஸ்ரீ தலை நிமிரவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களாக்கா?”

“எப்படித் தாயி சொல்ல? படம் அனுப்புறது நீயி. உனக்கும் தெரிஞ்சுதான் நடக்குதுன்னுல்ல இருந்தேன்.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

“சனிக்கிழமை வெரட்டிவிட்டா ரெண்டு நாள் வெளிய எங்கிட்டாவது மேஞ்சுட்டு, திங்கக்கிழமை தானாத் திரும்பி வந்துருதுக. அதுவரைக்கும் உசுரோட இருக்கும்ல? போகத்தான் சொன்னாருன்னா போயிக்கிறேன் தாயி. அந்தத் தினைக்காட்டை மட்டும் முடிச்சுட்டுப் போறேன்.”

அவள் உள்ளே இறங்கி நடந்தாள்.

சுபஸ்ரீ எழுந்தாள். வனத்துறை அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“யாரு மேலம்மா புகார்?” என்றார் எடுத்தவர்.

“வலை கட்டறது எங்க முதலாளிங்க. பேரு தனபால்.”

“வேற யாராவது கூட்டு உண்டா?”

“உண்டுங்க. எழுதிக்குங்க சார். ஒவ்வொரு தரமும் காடை இருக்கற எடத்தைக் காட்டிக் குடுத்த ஆளு பேரு சுபஸ்ரீ. பேசறது அவதானுங்க.”